தணிகாசலத்தை நாக்பூரில் பறக்கவிட்ட கதை

தணிகாசலத்துக்கு இறக்கை முளைத்தது என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அது சுத்தப் பொய், அவனுக்கு இறக்கையும் முளைக்கவில்லை வாலும் முளைக்கவில்லை, மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி கிரீஸ் கறை படிந்த இரண்டு கைகள்தான் அவனுக்குக் கடைசிவரை இருந்தன, அவன் பறந்தான், அவ்வளவுதான். பறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூலூர்பேட்டையில் டீக்கடைக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில், கையில் பாதி குடித்த டீ கிளாஸோடு.

எஸ்.டி.டி. பூத்துகள் தெருமுனைக்கு ஒன்றாக இருந்த காலம் அது. பெரம்பூருக்கு வடக்கே தண்டவாளத்தை உரசிக்கொண்டு கிடக்கிற பொன்னப்பன் தெருவில் பந்தயப் புறா வளர்க்கிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். யாரும் ஓட்டுப் போடாமலே தலைவராகிவிட்ட ரிச்சர்டு அண்ணன் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சென்னையிலிருந்து நாக்பூர் வரை எந்த ஸ்டேஷனில் வடை நன்றாக இருக்கும், எந்த ஸ்டேஷனில் எதிர்க்காற்று அடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மௌலா பாய் குஷன் கடைக்காரர், ஒரு பழைய மெட்டடோர் வேனும் தெரு முழுக்கப் பொதுவாகப் பயன்பட்ட ஒரு டெலிபோனும் அவருடையவை. தேவராஜ் கல்யாண மேடைக்குப் பூ ஜோடிக்கிறவன், ஊருக்கெல்லாம் மணமேடை கட்டியும் தனக்கு ஒரு மணமேடை அமையாதவன், எப்போதும் மேலெல்லாம் மல்லிகை வாசம் அடிக்க, சீவிய தலை கலையாமல் இருப்பான். நாலாவது ஆள் தணிகாசலம். அவனுடைய புறாக்கள் எந்தப் பந்தயத்திலும் கடைசியாகத்தான் வரும், சில சமயம் மறுநாள்தான் வரும், அதனால் அவனுக்கு லேட்டு என்று பேர் விழுந்து, அவன் பெண்டாட்டி பவுனைக்கூடக் கறிக்கடையில் லேட்டு வூட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த நாலு பேரும் வாரத்துக்கு ஒருவர் மாடியாக முறை வைத்துக்கொண்டு கூண்டுகளைச் சுத்தம் செய்தார்கள், எச்சத்தைச் சுரண்டி, அறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கம்பும் சோளமும் பட்டாணியும் வெயிலில் காயவைத்து, படிகாரம் கலந்த தண்ணீரில் புறாக்களைக் குளிப்பாட்டி, முடித்ததும் அந்த வீட்டுப் பெண்டாட்டி கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுக் கலைவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மூங்கில் கூடைகளில் புறாக்களை அடைத்து வேனில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியோ சூலூர்பேட்டையோ போய்த் திறந்துவிட்டு, அவை ஒரு வட்டம் அடித்துத் தெற்கே திரும்புவதைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, இலையில் கட்டிக் கொண்டுபோன இட்லியையும் வடகறியையும் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிற சிநேகிதம் அது, அதனாலேயே வருஷக்கணக்காகச் சண்டை இல்லாமல் ஓடியது.

அவர்களுக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. பறக்கப் போகிற புறாவுக்கு அரை வயிறுதான். திரும்பி வராத புறாவைப் பற்றிப் பேசக் கூடாது, அதன் அறையை உடனே இன்னொரு புறாவுக்குக் கொடுத்துவிட வேண்டும், காலி அறை மற்ற புறாக்களைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், வழியில் களைத்துப்போய் அடுத்தவர் வீட்டில் இறங்கிய புறாவைத் திரும்ப வாங்கவே கூடாது. ஒவ்வொரு புறாவின் கால் வளையத்திலும் மௌலா பாய் கடை டெலிபோன் நம்பர் வெட்டியிருக்கும், நெல்லூரிலிருந்தோ காவலியிலிருந்தோ யாராவது நல்ல மனிதர் போன் போட்டு, ஐயா உங்கள் புறா எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பார், ரிச்சர்டு அண்ணன் போனை வாங்கி, வச்சுக்கோங்க என்று ஒரே வார்த்தை சொல்லிக் கீழே வைத்துவிடுவார். தெலுங்கில் பேசினால் தெலுங்கில் சொல்வார், இந்தியில் பேசினால் இந்தியில் சொல்வார்.

அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான், கூடைகளைத் திறந்ததும் புறாக்கள் எழும்ப, அவற்றோடு தணிகாசலமும் எழும்பினான். முதலில் குதிகால் எழும்பியது, பிறகு விரல், பிறகு செருப்பு இரண்டும் கீழே விழுந்தன, அவன் ஒரு வட்டம் அடித்துத் தெற்கே திரும்பினான்.

"யோவ் லேட்டு, கிளாஸ குட்துட்டுப் போய்யா, கடக்காரன் கேப்பான்," என்று மௌலா பாய் கத்தினார்.

அவனுக்குக் கேட்கவில்லை. மூன்று பேரும் அவன் பங்கு இட்லியையும் சேர்த்துத் தின்றுவிட்டு, கிளாஸுக்குக் காசு கொடுத்துவிட்டு, வேனில் வீடு திரும்பியபோது, தணிகாசலம் தன் மாடியில் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான், மூச்சு வாங்கவில்லை, கிளாஸில் டீகூடச் சிந்தவில்லை, ரிச்சர்டு அண்ணனின் பேர்போன நீலப் புறா அப்புறம்தான் வந்து இறங்கியது. ரிச்சர்டு அண்ணன் நேராக அவனிடம் போய், தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நல்ல புறா வாங்கும்போது பார்ப்பதுபோல் அவன் கண்மணியைப் பார்த்தார், நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார், தோளைத் தூக்கி எடை பார்த்தார்.

"கண்ணு நல்லாருக்குது மேன்," என்றார். "இத்தினி வருசமா இது யாருக்குமே தெரியல பாரு."

யாரும் தணிகாசலத்தைப் பார்த்து அதுவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் அழுதுவிட்டான்.

தெரு இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. அவன் நினைத்த இடத்துக்கெல்லாம் பறக்க முடியாது, வீட்டிலிருந்து கிளம்ப முடியாது, எங்காவது கொண்டுபோய் விட்டால் வீட்டுக்குத் திரும்ப மட்டும்தான் பறக்க முடியும் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது, தண்ணீர் டாங்கில் அடைத்த குழாயைப் பார்க்கக்கூட உதவாத பறப்பு என்ன பறப்பு என்று கேட்டார்கள். வத்தல் காயவைக்கிற பெண்கள் நிழல் விழுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். மாடியில் தலை உலர்த்த முடியவில்லை என்று ஒருத்தி பவுனிடம் வந்து முறையிட்டாள். தாழப் பறந்தால் கம்பியில் மாட்டிக்கொள்வான், எங்கள்மேல் கேஸ் வரும் என்று கரண்டு ஆபீஸ்காரர் எச்சரித்துவிட்டுப் போனார். கோயிலில் ஒருநாள் மாலை போட்டார்கள், அடுத்த வாரம் மறந்துவிட்டார்கள். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸி வரவில்லையே என்பதுதான் தெருவின் உண்மையான கவலையாக இருந்தது.

பவுனுக்கு அவன் பறப்பதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை, இட்லி மாவு அரைத்து விற்கிற அவளுக்கு ஆச்சரியப்பட நேரமும் இல்லை. அவள் கண்டதெல்லாம் அவன் இளைப்பதுதான். பறக்க ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு அரை வயிறு என்று ரிச்சர்டு அண்ணன் விதித்துவிட்டார், சோறு கூடாது, குழம்பு கூடாது, ஊறவைத்த பட்டாணியும் ஒரு கை கம்பும், ஞாயிற்றுக்கிழமைகளில் பூண்டு உருண்டை. முறைவைத்து மாடிக்கு வருகிறவர்கள் புறாக்களைக் குளிப்பாட்டிய கையோடு அவனையும் படிகாரத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். வேட்டி காற்றில் படபடக்கிறது என்று காக்கி டிராயர் போட்டார்கள். சூலூர்பேட்டைப் பொட்டலில் மூன்று பேரும் வடகறி தின்னும்போது அவன் கூடைகளுக்கு நடுவில் குந்தி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், தேவராஜுக்கு மட்டும் அப்போது தொண்டையில் இட்லி இறங்காது, ஆனாலும் இறக்கிவிடுவான்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு புறாக் குழு இருந்தது, வருஷா வருஷம் அவர்கள்தான் ஜெயித்து, ஜெயித்த அன்று மாலை இந்தத் தெரு வழியாகப் பேண்டு வாத்தியம் அடித்துக்கொண்டு போவார்கள். அவர்களிடம் ரிச்சர்டு அண்ணன் தணிகாசலத்தைப் பந்தயத்தில் விடப்போவதாகச் சொன்னபோது, அது மனுசனாச்சே என்று ஒருத்தன் கேட்டான்.

"புறான்னு எந்த ரூல்ல கீது?" என்றார் ரிச்சர்டு அண்ணன். "கால்ல வளையம் இருக்கணும், சொந்தக் கூண்டுக்குத் திரும்பணும், அம்மாந்தான் ரூலு."

அவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியானால் அவனும் கூடைக்குள்தான் வரவேண்டும் என்று நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார்கள். குஞ்சாக இருக்கும்போதே போடவேண்டிய வளையம் அவன் குதிகாலில் ஏறாததால், அலுமினியப் பட்டையைச் சுற்றிக் காலிலேயே வைத்துப் பற்றவைத்தார்கள், தோல் பொசுங்குகிற வாசம் கீழே பவுனின் அடுப்படிவரை வந்தது. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். வளையத்தில் மௌலா பாய் கடை நம்பர் இருந்தது.

ஓங்கோலிலிருந்து விட்டபோது இரண்டாவதாக வந்தான். இரண்டாவது என்பதை ரிச்சர்டு அண்ணனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"ஜோடிய பிரிக்கணும்," என்றார். "பெண்டாட்டி பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தா எவன் அவசரமா வருவான்? கெளம்பறதுக்கு முன்னால ஒரு வாட்டி கண்ணுல காட்டணும், அப்பால வந்து சேந்தாதான் பொட்டைய பாக்க முடியும்னு தெரியணும்."

புறாக்களுக்கு அப்படிச் செய்வதுதான் வழக்கம், அதில் தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. மாடிப்படிக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகை அடித்தார்கள். தணிகாசலம் மேலே கூண்டோடு, பவுனு கீழே மாவு மிஷினோடு. பந்தயத்துக்குக் கிளம்பும்போது பால் பொங்குகிற நேரம் மட்டும் பலகை திறக்கும். விஜயவாடாவிலிருந்து விட்டபோது அவன் அந்தப் பக்கத்துப் புறாக்கள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் வந்து இறங்கி, வந்த நேரத்தைப் பதிக்கிற பந்தயக் கடிகாரத்தின் குமிழைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, பலகையைக் கையால் பிறாண்டிக்கொண்டு நின்றான். அன்று பேண்டு வாத்தியம் முதல் தடவையாகத் தண்டவாளத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டிப் போனது, லேட்டு என்ற பேரை அன்றோடு எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"உன் ஆளு உன்ன தேடி இன்னா வேகத்துல வர்றாரு பாரு," என்று கறிக்கடையில் ஒருத்தி பவுனிடம் பொறாமையோடு சொன்னாள். "என் ஆளு பக்கத்துத் தெருவுல இருந்து வர்றதுக்கே பொழுது சாஞ்சிடுது."

"இவனுங்கோ தூக்கிக் கடாசறானுங்கோ, அது திரும்பி வர்து," என்றாள் பவுனு. "இதுல என்னத்த கண்டுட்ட நீ?"

அடுத்தது நாக்பூர். கிளம்புகிற வாரத்தில் தணிகாசலம் ஒருநாள் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டான், பவுனு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"வேணாய்யா," என்றாள். "ரிப்பேருக்கு வந்த மிக்ஸிங்கோ மலையா குமிஞ்சி கெடக்குது. எறங்கி வா. ஒரு வாய் சோறு துன்னு."

"இந்த ஒரு வாட்டி பவுனு. நாக்பூரு மட்டும். அப்பால நானே வேணான்னு சொல்லிடறேன்."

"அப்பால டில்லின்னுவானுங்கோ."

அவன் பலகையில் சாய்ந்துகொண்டான். "மேலருந்து பாத்தா நம்ம வூடு எம்மாஞ் சிறுசு தெரியுமா? தீப்பெட்டிகூட இல்ல. ஆனா தேடவே வேணாம். ஒடம்பு தானா அங்க வந்து நிக்குது."

"நீ எதுக்குய்யா வர? வூட்டுக்கா, எனக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான?" என்றான் தணிகாசலம், இது என்ன கேள்வி என்பதுபோல.

பவுனு எழுந்து காசிமேட்டுக்குப் போனாள். வலை பின்னுகிற அவள் தம்பியிடம், வலையின் ஓரத்தில் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். துவைத்துப் போட வாங்கிய காக்கி டிராயரின் மடிப்பில் அந்தக் குண்டுகளை நெருக்கமாக வைத்துத் தைத்தாள். அவன் எழும்பக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. நாக்பூரில் எல்லோரும் பார்க்க அவன் தரையிலேயே நிற்பான், இவர்கள் காறித் துப்பிவிட்டு வேனிலேயே திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள், மறுபடியும் லேட்டு என்பார்கள், அவன் நாலு நாள் குமுறுவான், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பான். டிராயர் கனப்பதைத் தணிகாசலம் உணராமலா இருந்திருப்பான், அரை வயிற்றுக்காரனுக்கு எல்லாமே கனம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

ரிச்சர்டு அண்ணனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. நாக்பூர் தூரத்துக்கு ஜோடியைப் பிரித்தால் மட்டும் போதாது, புறாக்காரர்களுக்கு இன்னொரு வழி தெரியும், ஆண் புறாவைக் கூடையில் போடுவதற்குச் சற்று முன்னால் அதன் அறையில் அதன் பெட்டையோடு வேறொரு ஆணை விட்டு, அதை இது ஒரு பார்வை பார்த்ததும் இதைத் தூக்கிக் கூடையில் போட்டுவிட வேண்டும், வெறி பிடித்துத் திரும்பும். கிளம்புகிற அன்று காலை தேவராஜ், தணிகாசலத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு, பவுனின் வீட்டுக்குள் போய், பலகையின் இடுக்குக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, பசிக்குது," என்றான். சொல்லிக்கொடுத்த வசனம் அதுதான்.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போடாமல் இருக்கிற பழக்கம் பவுனுக்கு இல்லை. எந்தத் தட்டு என்று பார்க்காமல் தணிகாசலத்தின் தட்டிலேயே போட்டாள், வஞ்சிரமும் இரண்டு துண்டு வைத்தாள். ஈயக் குண்டு தைத்த நிம்மதி அவள் மனசில் இருந்தது, தேவராஜ் ஏதோ மேடை சரிந்து மாப்பிள்ளை விழுந்த கதையைச் சொல்ல, பல நாளுக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் தடதடவென்று படியில் ஆளை இழுத்துக்கொண்டு போகிற சத்தமும், வேன் கிளம்புகிற சத்தமும் கேட்டன.

"பால் பொங்கற நேரம் காட்டுவாங்களே, இன்னிக்கு ஏன் காட்டல?" என்றாள்.

தேவராஜ் வாய் நிறையச் சோற்றோடு தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை, கேட்டால் சொல்லிவிடுகிறவன். "காட்டிட்டாங்க அண்ணி," என்றான்.

அவள் தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அவன் பனியனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெறும் உடம்போடு வீட்டுக்குப் போனான்.

மௌலா பாய் மட்டும் வேனோடு நாக்பூருக்குப் போயிருக்க, பிறகு மாடியில் காத்திருப்பு. ரிச்சர்டு அண்ணன் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தார், தேவராஜும் பார்த்தான், பவுனு பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு மேலே வந்து அவர்களோடு நின்று பார்த்தாள். அந்தப் பக்கத்துப் புறாக்கள் வந்தன, ரிச்சர்டு அண்ணனின் நீலப் புறாகூட வந்தது, பேண்டு வாத்தியம் மறுபடியும் இந்தத் தெரு வழியாகப் போனது. வேனும் வந்து சேர்ந்தது. மௌலா பாய் இறங்கியதும் கேட்டது, "எப்ப வந்தான்?" என்றுதான்.

வரவில்லை என்றதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. "இன்னாப்பா சொல்றீங்கோ? மொதல்ல எழும்பவே மாட்டேன்னான், நெசந்தான். கூடைய தொறந்தா அப்டியே தரையில குந்திகினான், ரெண்டு வாட்டி எக்கிப் பாத்தான், முடில பாய், வூட்டுக்கு இட்டுனு போயிடுன்னான். அந்தாண்டகாரனுங்கோ சிரிக்கிறானுங்கோ. அப்பால ரிச்சர்டு சொல்லி அனுப்புனத அவன் காதுல சொன்னேன். தேவராஜு இன்னும் அங்கதான் கீறான், உன் பனியன போட்டுக்கினு உன் தட்டுல துன்னுகினு கீறான்னேன். அவ்ளோதான். எழும்புனாம் பாரு! அப்டி ஒரு எழும்பு நான் பாத்ததே இல்ல."

பவுனுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் குண்டு மட்டும் இருந்திருந்தால் அவன் வேனில் வந்திருப்பான். இவர்கள் வெறி மட்டும் இருந்திருந்தால் பறந்தே வந்திருப்பான். இரண்டையும் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் வந்திருப்பான் என்று நினைத்தவள், மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குண்டு விஷயத்தை அவள் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் வழக்கப்படி, வராத தணிகாசலத்தைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த வாரம் முறை தணிகாசலத்தின் மாடிக்கு வந்தது. மூன்று பேரும் வந்து எச்சம் சுரண்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், அவன் படுத்திருந்த மூலைக்கும் ஒரு கை அடித்தார்கள். முடித்துவிட்டு ரிச்சர்டு அண்ணன் கீழே வந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, மரியாதையாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, ரூம்ப காலியா வுடக் கூடாது. மத்ததுக்கு ஆவாது. தேவராஜுக்கும் யாரும் இல்ல. யோசிச்சுப் பாரு."

பவுனு மாவு மிஷினைப் போட்டுவிட்டாள், அந்தச் சத்தத்தில் அவர் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார். தேவராஜ் வாசலில் தலை குனிந்து நின்றான், அவன்மேல் மல்லிகை வாசம் அன்றும் அடித்தது.

போன் வந்தது அன்று மத்தியானம். அதைப் பவுனுக்கு ரிச்சர்டு அண்ணனே நேரில் வந்து சொன்னார், துக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு நல்ல சேதி கொண்டுவருகிறவர் முகத்தோடு.

"கவலப்படாத தங்கச்சி. ஆளு உயிரோடதான் கீறான். வழியில எறங்கிட்டான். ஒரு பொம்பள, தெலுங்குல பேசுச்சு. மொளகாக் காட்டுல வந்து விழுந்தானாம், காலு ஒடிஞ்சிருக்காம், சோறு துன்றானாம், நல்லா துன்றானாம். தெக்கயே கை காட்டிகினு கீறானாம்."

பவுனு மாவு கையோடு எழுந்து நின்றாள். "எந்த ஊரு?"

ரிச்சர்டு அண்ணன் முகத்தில் முதல் தடவையாக ஒரு குழப்பம் வந்தது. "அத கேக்கறதில்லம்மா."

"நீ இன்னா சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதான். வச்சுக்கோங்கன்னு சொல்லி வச்சுட்டேன்."

நாக்பூர் வரை ஒவ்வொரு ஸ்டேஷன் பேரும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர், ஒரு பேரைக் கேட்டிருந்தால் எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார். கேட்கவில்லை. பழக்கதோஷம். அது வெளியூர் பூத்திலிருந்து வந்த போன், திரும்பக் கூப்பிட நம்பர் இல்லை. மறுபடியும் வரும் என்று பவுனு குஷன் கடை வாசலில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. வச்சுக்கச் சொன்னவர்களிடம் எதற்காக மறுபடி பேசுவார்கள்? மிளகாய்க் காடு என்றால் அந்தப் பக்கமெல்லாம் மிளகாய்க் காடுதான், சிவந்து காய்ந்துகொண்டு நாட்கணக்கில் போகுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பும்போது பவுனு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் அன்று அவர்களுக்கு இல்லை. சூலூர்பேட்டைப் பொட்டலில் கூடைகளைத் திறந்தார்கள். புறாக்கள் எழும்பின. பவுனு வடக்கே பார்த்து, அவன் இருக்கிற திசையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவன் இருக்கிற இடம்தான் வீடு, வீடும் அவனும் ஒன்றுதான் என்று அவனே சொல்லியிருக்கிறான், அப்படியென்றால் இந்தக் காற்று தன்னை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும். குதிகால் எழும்பியது, விரல் எழும்பியது, செருப்பு இரண்டும் கீழே விழுந்தன. டீக்கடைக்கு மேலே போய் ஒரு வட்டம் அடித்தாள். பிறகு அவள் உடம்பு அவளைக் கேட்காமல் தெற்கே திரும்பியது.

அவள் கையைப் போட்டு அடித்தாள், காலை உதைத்தாள், வடக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் காற்றைத் திட்டினாள், காற்று அவளை முதுகுப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கும்மிடிப்பூண்டிக்கு மேலே திட்டுவதை விட்டுவிட்டாள். தீப்பெட்டிகூட இல்லாத ஒரு மாடி தானாக வந்து காலடியில் நின்றது, சுண்ணாம்பு வாசத்தோடு, காலியாக.

"நேரா போவுது பாத்தியா, ஒரு வளைவு இல்ல," என்று கீழே ரிச்சர்டு அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தணிகாசலம் போனதிலிருந்து அவர் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது திரும்பி வந்தது.

வேனில் வந்து சேர்ந்து மூன்று பேரும் மாடிக்கு ஏறியபோது பவுனு கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரிச்சர்டு அண்ணன் தயங்கித் தயங்கி அவள் தாடைக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, தானே முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். காட்டிவிட்டுக் காலை நீட்டினாள்.

"வளையத்த போடு," என்றாள். "கெட்டியா போடு. நாக்பூர்ல வுடு என்ன."

"இன்னா தங்கச்சி, எடுத்ததும் நாக்பூரா? மொதல்ல ஓங்கோலு..."

"நாக்பூரு." அங்கிருந்து கிளம்பினால் இங்கே வருவதற்குள் வழியிலிருக்கிற அத்தனை மிளகாய்க் காட்டுக்கும் மேலே வந்தாக வேண்டும் என்பதை அவள் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. மறுநாள் காலையே காசிமேட்டுக்குப் போய்த் தம்பியிடம் ஈயக் குண்டு வாங்கினாள், போன தடவை எத்தனை கொடுத்தாயோ அத்தனை கொடு, ஒன்றுகூடக் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றாள், வீட்டுக்கு வந்து உள்பாவாடையின் மடிப்பில் அதே நெருக்கத்தில் வைத்துத் தைத்தாள். அவன் விழுந்த இடத்தில்தான் அவளும் விழவேண்டும்.

வேன் கிளம்புகிற அன்று ரிச்சர்டு அண்ணன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். தூரப் பந்தயத்துக்குக் கோபம் ஏற்றி அனுப்பவேண்டும், ஜோடி இல்லாதவளுக்கு எதைக் காட்டிக் கோபம் ஏற்றுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. தேவராஜை அந்தப் பனியனோடு ஒருமுறை குறுக்கே நடக்கவிடலாமா என்று அவளிடமே கேட்டார்.

பவுனு தானாகவே கூடைக்குள் இறங்கி, குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூங்கில் இடுக்கு வழியாக மூன்று பேரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணியும் வேணாம்," என்றாள். "கூடைய மூடறதுக்கு முன்னால மூணு பேரும் செத்த நேரம் இங்கயே நில்லுங்கோ. உங்க மூஞ்சியே போதும்."